கத்தியைக் கண்டால் நடுக்கம்: ஓசிடிக்குச் சரியான சிகிச்சையாளரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 32 வயது. கணவர், 9 மாதக் குழந்தையோடு சிங்கப்பூர் பொங்கோலில் இருக்கிறேன். இருவரும் நிரந்தரவாசிகள். கேஸ் அடுப்பை மூடினேனா, கேட்டைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கம் கல்லூரி நாள்களிலிருந்தே உண்டு. குழந்தை பிறந்த பிறகு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, “இந்தக் கத்தியால் பிள்ளையைக் குத்திவிட்டால்?” என்று ஓர் எண்ணம் வந்தது. அன்றிலிருந்து கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் துணியில் சுற்றி மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். பணிப்பெண்தான் காய் நறுக்குகிறார். “நான் அப்படிச் செய்யமாட்டேன்தானே?” என்று கணவரிடம் நாளைக்கு இருபது தடவையாவது கேட்கிறேன். ஐந்து மாதமாக ஓர் ஆலோசகரிடம் போகிறேன். சிறுவயது நினைவுகளைப் பேசுகிறோம், மூச்சுப் பயிற்சி செய்கிறோம். “நீங்கள் நல்ல தாய், கவலை வேண்டாம்” என்கிறார். அந்த நிம்மதி எம்ஆர்டி ரயிலில் ஏறுவதற்குள் போய்விடுகிறது. கத்தி விஷயத்தை அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயம். அம்மா வீரமாகாளியம்மன் கோயிலில் விளக்கு ஏற்றச் சொல்கிறார். இது ஓசிடியா? அதற்கென்று தனி சிகிச்சையாளர் உண்டா? தமிழில் பேச முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி, ஒரு கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. அதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஓசிடியின், அதாவது எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோயின், அச்சு அசலான வடிவம். வேண்டாத எண்ணம் வருகிறது, மனம் பதறுகிறது, பதற்றம் தணிய ஏதாவது செய்கிறீர்கள், சற்று நேரம் தணிகிறது, மறுபடி வருகிறது. அடுப்பைப் பார்ப்பதும் கத்தியை ஒளிப்பதும் கணவரிடம் கேட்பதும் வெளியே மூன்று விதமாகத் தெரிந்தாலும் உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றே. பிரசவத்தை ஒட்டி இந்த நோய் தொடங்குவதும், ஏற்கெனவே இருந்தது கூடுவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம்தான் அந்தக் காலத்தில் அதிகம் தலைகாட்டுகிறது.

உங்களை வாட்டும் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓசிடி தெரிந்த மருத்துவரோ உளவியலாளரோ, இப்படி ஓர் எண்ணம் வருகிறது என்பதற்காகக் குழந்தையைப் பிரிக்க வழி தேடமாட்டார். உண்மையான ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால்தான் அவர் ரகசியத்தை மீற வேண்டியிருக்கும். எண்ணத்தைக் கண்டு அருவருத்து, கத்தியை ஒளித்துவைத்து, உதவி தேடி அலையும் தாயின் நிலை அதுவல்ல. இதை ஒரு முறைதான் எழுதுகிறேன். ஆறுதலுக்காக இந்தப் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். அந்த மறுவாசிப்பும் அடுப்பைத் திரும்பப் பார்ப்பது போலத்தான்.

விதிவிலக்கு ஒன்றைக் கணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காதில் குரல் கேட்டு அது கட்டளையிட்டாலோ, குழந்தைக்குத் தீங்கு செய்வதுதான் சரி என்றே தோன்றினாலோ, நாள் கணக்கில் தூக்கமே இல்லாமல் பேச்சும் நடத்தையும் மாறினாலோ அது ஓசிடி அல்ல, அவசர நிலை. அப்போது சந்திப்புக்குத் தேதி கேட்டுக் காத்திருக்கக் கூடாது. 995ஐ அழையுங்கள், அல்லது நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனநலக் கழகத்தின் (ஐஎம்எச்) 6389 2222 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலும் இதே வழிதான்.

இனி அந்த ஐந்து மாத ஆலோசனைக்கு வருவோம். அது பயன் தராததற்கு நீங்கள் காரணம் இல்லை. ஆலோசகர் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டார் என்றும் சொல்லமாட்டேன். சோகத்தில் இருப்பவருக்கோ குடும்பச் சிக்கலில் தவிப்பவருக்கோ உதவும் முறை, ஓசிடியில் நோய்க்குத் தீனியாகிவிடும். “நீங்கள் நல்ல தாய்” என்று அவர் சொல்லும்போது கிடைக்கும் நிம்மதியும், “நீ அப்படிச் செய்யமாட்டாய்” என்று கணவர் சொல்லும்போது கிடைக்கும் நிம்மதியும் ஒன்றே. இருபது தடவை கேட்கும் கேள்வியை அங்கே காசு கொடுத்து இருபத்தொன்றாவது தடவையாகக் கேட்டிருக்கிறீர்கள். மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். எண்ணம் வந்ததுமே அதைத் துரத்துவதற்காகச் செய்தால், எண்ணம் ஆபத்தானது என்றே மூளை கற்றுக்கொள்ளும். “எண்ணம் வந்தால் கையில் ரப்பர் பேண்டைச் சுண்டுங்கள், நிறுத்து என்று சொல்லுங்கள்” என்ற பழைய வித்தை இன்னும் மோசம். எதை நினைக்கவே கூடாது என்கிறோமோ அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

நீங்கள் தேட வேண்டிய சிகிச்சையின் பெயர் ஈஆர்பி. அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்வதும், வழக்கமாகச் செய்யும் பதில் செயலைச் செய்யாமல் இருப்பதும் அதன் இரு பாதிகள். 1966ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில் தொடங்கிய வழி இது. ஓசிடிக்கான பேச்சு சிகிச்சைகளில் இதற்குத்தான் ஆதாரம் அதிகம். “சிபிடி செய்கிறோம்” என்று பலர் சொல்வார்கள். சிபிடி, அதாவது சிந்தனை-நடத்தைச் சிகிச்சை, ஒரு பெரிய குடை. அதன் கீழே ஈஆர்பி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே பெயர் சொல்லியே கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் அது எப்படி நடக்கும் என்று தெரிந்தால் தேடுவது எளிது. முதல் இரண்டு சந்திப்புகளில் விவரம் கேட்பார்கள். யேல்-பிரவுன் என்ற 10 கேள்வி அளவுகோலில் 0 முதல் 40 வரை மதிப்பெண் போடுவார்கள். 16 முதல் 23 வரை நடுத்தரம், 24இலிருந்து கடுமை. பிறகு நீங்கள் அஞ்சுவனவற்றை 0 முதல் 100 வரை பதற்ற அளவு போட்டு ஏணியாக அடுக்குவீர்கள். “கத்தி” என்ற சொல்லைத் தாளில் எழுதிப் பார்ப்பது 30 இருக்கலாம். மேசையில் பழம் நறுக்கும் கத்தி இருக்க, நீங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பது 45. குழந்தை தன் நாற்காலியில் இருக்கும்போது நீங்கள் வெங்காயம் நறுக்குவது 80. வீட்டில் நீங்களும் குழந்தையும் மட்டும் இருக்கும்போது நறுக்குவது 95. நடுப்படியில் தொடங்கி மேலே ஏறுவீர்கள். ஒவ்வொரு படியிலும் கத்தியை நகர்த்துவது, மனத்துக்குள் மந்திரம் சொல்லிச் சமன் செய்வது, கணவரைக் கேட்பது எதுவும் கிடையாது. பதற்றம் அந்த நேரத்திலேயே இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம். அது இருக்கும்போதே நறுக்கி முடித்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று மூளை கற்பதுதான் மருந்து. எந்த வீட்டிலும் ஒரு தாய் சாதாரணமாகச் செய்யும் வேலையைத் தாண்டி உண்மையான அபாயம் எதையும் இந்தச் சிகிச்சை கேட்காது.

வாரம் ஒன்றாக 12 முதல் 20 சந்திப்புகள் என்பது வழக்கம். வீட்டுப் பயிற்சி தினமும் இருக்கும், பாதிப் பலன் அதில்தான். முதல் சில வாரங்கள் பதற்றம் கூடும். அதைப் பார்த்து “சிகிச்சை ஒத்துவரவில்லை” என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாத இடம் அதுதான். யேல்-பிரவுன் மதிப்பெண் 35 விழுக்காடு குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது என்று கணக்கு. நான்கைந்து சந்திப்புகள் முடிந்தும் ஏணியே போடவில்லை, எதையும் எதிர்கொள்ளவில்லை என்றால் “எப்போது தொடங்குகிறோம்?” என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையெனில் வேறு ஆளைப் பாருங்கள், குற்ற உணர்வு தேவையில்லை.

இப்போது வழிகளைச் சொல்கிறேன். செலவைக் கருதினால் பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) தொடங்குவதே நல்லது. ஹெல்த்ஹப் செயலியில் நேரம் எடுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுப் பொது மருத்துவமனைச் சிறப்பு மருந்தகத்துக்குப் போனால் மானியம் கிடைக்கும். நிரந்தரவாசிகளுக்கும் உண்டு, குடிமக்களைவிடக் குறைவாக. கடிதம் இல்லாமல் நேராகப் போனால் முழுக் கட்டணம், பிறகு மானியத்துக்கு மாறுவது எளிதல்ல. மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பு பயன்படுமா என்பது மருத்துவர் எழுதும் நோய்ப் பெயரைப் பொறுத்தது, பணம் கட்டும் முகப்பில் முன்கூட்டியே கேளுங்கள். குழந்தை கைக்குழந்தை என்பதால் கேகே மருத்துவமனையில் பெண்களுக்கான மனநலப் பிரிவுக்கோ, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் உள்ள அதே போன்ற பிரிவுக்கோ அனுப்ப முடியுமா என்று கேட்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய எண்ணங்களைப் பற்றி அங்கே அதிகம் விளக்க வேண்டியிருக்காது. மனநலக் கழகத்தை இன்னும் “வுட்பிரிட்ஜ்” என்ற பழைய பெயரால் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்துக்காக நல்ல சிகிச்சையைத் தள்ளிவைக்காதீர்கள். இதை வாசிக்கும் 16 முதல் 30 வயதுக்காரர்கள் சாட் என்ற இளையர் மனநலச் சேவையில் இலவச மதிப்பீடு பெறலாம்.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவரோடு கிடைப்பது சில நிமிடங்கள்தான். “டென்ஷனாக இருக்கிறது, தூக்கம் இல்லை” என்று தொடங்கினால் தூக்க மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள்: எந்த எண்ணம் வருகிறது, அதற்காக என்னென்ன செய்கிறீர்கள், நாளில் எத்தனை மணி நேரம் போகிறது, எதையெல்லாம் செய்யாமல் ஒதுக்கிவிட்டீர்கள். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போவது நோயறிதலுக்கான அடையாளங்களில் ஒன்று. கடைசி வரியாக, “ஓசிடி என்று சந்தேகிக்கிறேன், ஈஆர்பி செய்யும் மருத்துவ உளவியலாளரிடம் சிகிச்சை வேண்டும்” என்று எழுதுங்கள். மனநல மருத்துவரின் சந்திப்பு வேறு, உளவியலாளரின் காத்திருப்பு வரிசை வேறு. முதலாவது கிடைத்ததும் இரண்டாவதும் தானாக வரும் என்று இருந்துவிட்டுப் பல மாதங்களை இழக்கிறார்கள். முதல் நாளே “உளவியலாளர் வரிசையில் என் பெயர் சேர்ந்துவிட்டதா, தேதி முன்னதாகக் காலியானால் அழைப்பீர்களா?” என்று கேட்டுவிடுங்கள்.

மருத்துவர் மாத்திரை சொன்னால் பயப்படாதீர்கள். செர்ட்ரலின், ஃப்ளுவாக்சமின், ஃப்ளூஆக்சிடின், எஸ்சிடலோப்ராம் போன்றவை ஓசிடிக்குத் தரப்படுகின்றன. மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவு பெரும்பாலும் கூடும், பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். மூன்றாம் வாரத்தில் “ஒன்றும் நடக்கவில்லை” என்று விட்டுவிடுவது வீண். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். செர்ட்ரலின் அத்தகைய தாய்மாருக்குப் பெரும்பாலும் முதலில் யோசிக்கப்படும் மருந்து. எந்த மாத்திரையையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

தனியாரிடம் போனால் காத்திருப்பு குறைவு, ஆனால் மருத்துவ உளவியலாளரின் ஒரு மணி நேரம் 200 வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். 15 சந்திப்பு என்றாலே 3,000 வெள்ளி. அதனால் பணம் கட்டும் முன் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசக் கேளுங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். பட்டத்தையும் சரிபாருங்கள். மனநல மருத்துவர் என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கும். உளவியலாளர் என்றால் மருத்துவ உளவியலில் முதுகலையோ முனைவர் பட்டமோ இருக்கிறதா, சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளதா என்று பாருங்கள். ஆனால் பட்டம் பாதிதான். மீதியைக் கேள்விகள் காட்டிக்கொடுக்கும்.

“ஓசிடிக்கு என்ன முறை பயன்படுத்துகிறீர்கள்?” என்று கேட்டால், நீங்கள் எடுத்துக்கொடுக்காமலே ஈஆர்பி என்ற சொல் வர வேண்டும். “ஒவ்வொருவருக்கும் ஏற்ற மாதிரி எல்லாம் கலந்து செய்வேன்” என்ற பதில் போதாது. கடந்த ஓராண்டில் எத்தனை ஓசிடிக்காரர்களுக்குச் சிகிச்சை அளித்தார் என்று கேளுங்கள், அனுபவம் உள்ளவர் தயங்காமல் சொல்வார். சந்திப்பு நேரத்தில் பேச்சு மட்டுமா, பயிற்சியும் நடக்குமா, தேவைப்பட்டால் காணொளி வழியாக என் சமையலறையில் சேர்ந்து செய்வீர்களா என்று கேளுங்கள். முக்கியமான கேள்வி இது: “பிள்ளைக்கு நான் தீங்கு செய்வேனா என்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்?” நல்ல சிகிச்சையாளர் “மாட்டீர்கள், நிச்சயம்” என்று உறுதி தரமாட்டார். “அந்த நிச்சயத்தைத் தேடுவதுதான் உங்கள் நோய், அது இல்லாமலே வாழப் பழகுவோம்” என்கிற மாதிரி ஏதாவது சொல்வார். கேட்கும்போது வயிற்றைக் கலக்கும், ஆனால் அவரைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். “கத்தியைக் கொஞ்ச நாள் தொடாமல் இருங்கள்”, “ஹிப்னாசிஸில் வேரைக் கண்டுபிடிப்போம்”, “மூன்றே சந்திப்பில் குணமாகும்” என்ற பதில்கள் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

தமிழ் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். ஈஆர்பி நன்கு தெரிந்த, தமிழும் சரளமாகப் பேசும் ஒருவர் கிடைப்பது இங்கே கடினம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் ஈஆர்பியைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் உங்கள் எண்ணம் தமிழில் வருகிறது, ஆகவே பயிற்சியும் தமிழில்தான் நடக்க வேண்டும். “ஐ மே ஹார்ம் மை பேபி” என்று எழுதினால் 20 கூட ஏறாத பதற்றம், அதையே தமிழில் எழுதினால் 80க்கு ஏறும். பயிற்சிக்கான வாசகங்களைத் தமிழில் எழுதி, தமிழில் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள், பொருளை மட்டும் சிகிச்சையாளருக்கு விளக்குங்கள். உங்கள் ஆங்கிலம் போதாது என்றால் மருத்துவமனையிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், கணவரை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். அவர் முன்னிலையில் சொல்லக் கூசும் எண்ணம்தான் முதலில் சொல்லப்பட வேண்டியதாக இருக்கும். தமிழகத்து உளவியலாளரிடம் காணொளியில் பேசுவதும் ஒரு வழி. அப்படியானால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள், அதே கேள்விகளைக் கேளுங்கள். அவசரம் வந்தால் அவரால் இங்கே எதுவும் செய்ய முடியாது என்பதால், சிங்கப்பூரில் ஒரு மருத்துவரிடமும் உங்கள் பெயர் பதிவாகியிருக்கட்டும். குடும்பத்துக்கு ஆதரவாகப் பேச ஆள் வேண்டுமென்றால் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தை அணுகலாம். ஆனால் ஈஆர்பியை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

அம்மாவின் விளக்கு விஷயம். கோயிலுக்குப் போவதில் எந்தத் தவறும் இல்லை. விளக்கை ஏற்றி, கும்பிட்டு, வெளியே வந்தால் அது வழிபாடு. சந்நிதியைச் சுற்றும்போது கெட்ட எண்ணம் வந்ததென்று சுற்றுகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாலோ, மனம் “சரியாக” வரும்வரை வேண்டுதலைத் திருப்பிச் சொன்னாலோ அதைச் செய்வது ஓசிடி. எது அளவு என்று குழம்பினால், பக்கத்தில் கும்பிடும் மற்ற பக்தர்கள் எத்தனை முறை செய்கிறார்கள் என்று பாருங்கள். நம் சடங்குகள் தெரியாத சிகிச்சையாளரிடமும் இப்படியே விளக்குங்கள்: “துக்க வீட்டிலிருந்து வந்தால் எல்லாரும் ஒரு முறை தலைக்குக் குளிப்போம். நான் மூன்று முறை குளிக்கிறேன்.” அவருக்கு அந்த மூன்றுதான் தெரிய வேண்டும், அந்த ஒன்றை அவர் தொடமாட்டார். அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லி, இது சாமி குற்றமும் இல்லை, உங்கள் மனத்தின் கறையும் இல்லை என்று ஒரே ஒரு முறை பேசிவிடுங்கள். மனநலக் கழகம் 2016ல் தொடங்கி 2018ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, சிங்கப்பூரில் 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஓசிடி வந்திருக்கிறது. அவர்களுள் உதவி தேடியவர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை 11 ஆண்டுகள். நீங்கள் கல்லூரியில் தொடங்கிய கணக்கைப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

சந்திப்புக்குக் காத்திருக்கும் வாரங்களில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நேரம், எண்ணம், பதற்ற அளவு, செய்த செயல், அதற்கு ஆன நிமிடங்கள். ஒரு வாரக் குறிப்பு இருந்தால் சிகிச்சையாளரின் முதல் சந்திப்பு பாதி முடிந்த மாதிரி. அடுப்பு, கேட் விஷயத்தில் மட்டும் இப்போதே தொடங்கலாம். ஒரு முறை மூடி, கையை எடுத்து, நகர்ந்துவிடுங்கள். திரும்பிப் பார்க்கத் தோன்றினால் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், அடுத்த வாரம் பத்து. கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு எம்ஆர்டியில் பார்ப்பதும் திரும்பிப் பார்ப்பதுதான், அது வேண்டாம். கத்தி ஏணியைத் தனியாகத் தொடங்காதீர்கள். பாதியில் இறங்கிவிட்டால் பயம் முன்னைவிடக் கெட்டிப்படும்.

கணவருக்கும் வேலை இருக்கிறது. இன்றைக்கே எல்லாப் பதிலையும் அவர் நிறுத்தினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். இருவரும் அமைதியாக இருக்கும் ஒரு வேளையில் உட்கார்ந்து பேசி, நாளைக்கு இருபதை முதல் வாரம் பத்தாக்குங்கள், அடுத்த வாரம் ஐந்து. எண்ணிக்கை முடிந்த பிறகு நீங்கள் கேட்டால் அவர் கோபமில்லாமல் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “இது ஓசிடி கேக்குற கேள்விம்மா. நாம பேசினபடி இதுக்கு நான் பதில் சொல்லல. உன் பக்கத்துலயே இருக்கேன்.” பணிப்பெண் காய் நறுக்குவதையும் சிகிச்சையாளரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஏணியில் அதுவும் ஒரு படி. நள்ளிரவில் தாங்க முடியாமல் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் எந்நேரமும் திறந்திருக்கிறது. “நான் செய்யமாட்டேன்தானே?” என்று கேட்பதற்காக மட்டும் அதை அழைக்காதீர்கள்.